ஓராம்பட்டினத்தார் முகத்துவாரத்தை அடைத்த வரலாறு

இந்த வரலாற்றை எனக்கு முதன்முதலில் கூறியவர், என்னுடன் பத்தொன்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த திருமதி ரெஜினா சூசைநாதன். அவர் ஓராம்பட்டினத்தில் பிறந்தவர். தம் ஊரைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்ததில்லை. கேட்பவர்கள் சிரிப்பதையும் விரும்பியதில்லை. ஆகவே அவர் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன்.

ஓராம்பட்டினம் தென்கடற்கரையில் உள்ள ஒரு சிறிய பேரூர். ஊருக்கு வடக்கே ஓர் உப்பாறு கடலில் கலக்கிறது. அந்த இடத்தை ஊரார் 'ஆத்து வாய்' என்பார்கள். வாய்க்கு உட்புறம், அலை எட்டாத நீரில், சலேத்தம்மாளும் அவருடைய கூட்டாளிப் பெண்கள் பதினொருவரும் நண்டு வளர்த்தார்கள். புதிதாக ஓடு மாற்றிய நண்டுக்குள் தசை இராது, நீர்தான் இருக்கும். அத்தகைய நண்டுகளை மலிவாக வாங்கி, துளையிட்ட பெட்டிகளில் தனித்தனியே விட்டு, மட்டியும் சிறுமீனும் ஊட்டி, நான்கு வாரத்தில் கனக்கச் செய்து விற்பது அவர்கள் தொழில்.

அதற்கு முன் அந்தப் பன்னிருவரும் விடியுமுன் பேருந்தேறி, நாற்பது கல் தொலைவில் ஒரு கொட்டகையில், பனிக்கட்டிக்குள் கைவிட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள். இம்முறை அறுநூறு பெட்டிகள் நீரில் இருந்தன. வியாபாரி சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அறுநூறும் உயிரோடு தராசில் ஏறினால் கொட்டகையை மறந்துவிடலாம். இல்லையேல் திங்கட்கிழமை அதே பேருந்து, அதே பனிக்கட்டி.

அந்த வாரத்தின் திங்கட்கிழமைதான் மாவட்ட அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கடலில் கப்பல்களிலிருந்து எண்ணெய் கசிந்தால் அதை எதிர்கொள்ள ஒவ்வொரு கடலோர ஊரும் ஆயத்தக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்றது அது. ஓராம்பட்டினம் ஆணைகளுக்குக் கீழ்ப்படியும் ஊர். சுற்றறிக்கை வந்த ஒரு மணி நேரத்தில் குழு அமைந்துவிட்டது. பேரூராட்சித் தலைவர் சிவக்கொழுந்து, எழுத்தர் கச்சபேசன், கிடங்குக் காப்பாளர் அருளப்பன், படகுச் சங்கத்தின் சார்பில் தொம்மை ஆகிய நால்வர். நால்வரும் நல்லவர்கள். அதில் ஒருவருக்கும் ஐயமில்லை.

கச்சபேசன் முதல் வரியைப் படித்தார்: "குழுவினர் எந்நேரமும் தயார்நிலையில் இருக்க வேண்டும்."

எல்லாரும் உடனே எழுந்து நின்றார்கள்.

"எதுக்கு வே நிக்கிய?" என்றார் தலைவர், தாமும் நின்றுகொண்டே.

"'நிலை'ன்னு எழுதியிருக்குல்லா, அண்ணாச்சி. நிலைன்னா நிக்கது" என்றார் கச்சபேசன்.

"அடுத்த சொல்லைப் பாரும். 'இருக்க வேண்டும்'னும் எழுதியிருக்கு. இருக்கதுன்னா உக்காருதது. நம்ம ஊர்ல வந்தவங்களை 'இரும்'னு சொன்னா உக்காருவாங்களா, நிப்பாங்களா?"

இது எளிதான கேள்வியன்று. நிற்பதும் வேண்டும், இருப்பதும் வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் ஆணையில் பாதியை மீறியதாகும். அரைமணி நேர விவாதத்துக்குப் பின், இரண்டுக்கும் நடுவில், முழங்காலை மடக்கி, கைகளைத் தொடைமேல் ஊன்றி, நாற்காலியைத் தொட்டும் தொடாமலும் நிற்பது என்று முடிவாயிற்று. அன்று முதல் குழுவின் எல்லாக் கூட்டங்களும் அந்த நிலையில்தான் நடந்தன. தொம்மைக்கு மட்டும் அது எளிதாக இருந்தது. அவர் படகில் வளர்ந்தவர்.

இரண்டாவது வரி, எண்ணெயை உறிஞ்சக்கூடிய பொருள்களை உள்ளூரிலேயே திரட்டி இருப்பில் வைக்கச் சொன்னது.

"எண்ணெயை ரொம்ப உறிஞ்சுதது எது?" என்று தலைவர் கேட்டார்.

"கத்தரிக்கா" என்றார் அருளப்பன், சற்றும் தயங்காமல். "கால் கிலோ கத்தரிக்காய்க்கு ரெண்டு கரண்டி எண்ணெய் காணாதுன்னு எங்க வீட்டுல தினமும் சண்டை."

"பூரியை விட்டுட்டியளே!" என்றார் தொம்மை. "சந்தை முக்குக் கடையில ஒரு பூரியைத் தாள்ல வச்சு அமுக்கிப் பாருங்க. தாளு வழியா அடுத்த தெரு தெரியும்."

"ஆனா தொம்மை, பூரி ஏற்கெனவே குடிச்சிட்டுல்லா வருது? அது இன்னும் குடிக்குமா?" என்றார் அருளப்பன்.

தலைவர் கண்களை மூடிச் சிந்தித்தார். "குடிக்கப் பழகினது என்னைக்கு வே நிறுத்தியிருக்கு?" என்றார்.

மூன்று மூட்டைக் கத்தரிக்காயும் நானூறு பூரிகளும் வாங்கப்பட்டன. பூரிகளைச் சணல் சாக்குகளில் கட்டி, ஒவ்வொரு சாக்கின்மேலும் 'உறிஞ்சுபொருள், அரசு உடைமை, தின்னக் கூடாது' என்று கச்சபேசன் சுண்ணாம்பால் எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைத் திருமதி ரெஜினா குறிப்பாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ஒரு லாரி வந்தது. மாவட்ட அலுவலகம் அனுப்பிய மிதவை அரண் அதில் இருந்தது. ஒரு தூணைப் படுக்கப் போட்டதுபோல் உருண்டு நீண்டு, ஆரஞ்சு நிறத்தில், கீழே பாவாடைபோல் ஒரு துணி தொங்க, பத்துத் துண்டுகள். நீரில் போட்டால் மேற்பாகம் மிதக்கும். பாவாடை நீருக்குள் தொங்கும். எண்ணெய் அதைத் தாண்டி வராது. இதையெல்லாம் லாரிக்காரர் விளக்கிச் சொன்னார். குழுவினர் அவரைக் கவனிக்கவில்லை. அவர்கள் துண்டுகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள்: "ஈரம் படாத இடத்தில் வைக்கவும்."

"நல்ல வேளை, படிச்சோம்" என்றார் அருளப்பன், மார்பில் கைவைத்து. "இல்லன்னா அந்த ஆளு பேச்சைக் கேட்டுத் தண்ணியில போட்டிருப்போம்."

அலுவலகத்துக்கு வெளியே தெருநெடுக ஓலைப்பந்தல் போடப்பட்டது. அரண் அதன் கீழ், பலகைகள்மேல், பனிகூடப் படாமல் பத்திரமாக இருந்தது.

புதன்கிழமை சுற்றறிக்கையின் கடைசி வரிக்கு வந்தார்கள். "திரட்டிய வளங்கள் அனைத்தையும் ஒருங்கிணைக்க வேண்டும்."

இங்கே கச்சபேசன் தம் தமிழறிவைக் காட்டினார். "ஒருங்குன்னா ஒண்ணா. இணைக்கதுன்னா சேத்துக் கட்டுதது. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டச் சொல்லுதாங்க."

பதம் பிரித்ததில் பிழையில்லை. ஆகவே கட்டினார்கள். அரணின் பத்துத் துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்னங்கயிற்றால் பிணைத்தார்கள். அதன் முனையில் பூரிச் சாக்குகள். அடுத்துக் கத்தரிக்காய் மூட்டைகள். பிறகு பதினாறு வாளிகள், ஒன்பது பாய்கள், அறிவிப்புப் பலகை, குழுவின் மேசை. மறுமுனையைத் தெருக்கோடி வரை இழுத்துச் சென்று, கரையேற்றி வைத்திருந்த தொம்மையின் படகில் கட்டினார்கள்.

"எல்லாம் ஆச்சா?" என்றார் தலைவர்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் கச்சபேசன், சுற்றறிக்கையின் அடிக்குறிப்பில் விரல் வைத்து. "'வளங்கள் என்பதில் மனித வளமும் அடங்கும்.'"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பூரிச் சாக்குகளுக்கும் அரணின் கடைசித் துண்டுக்கும் இடையில், ஆளுக்கு ஒரு முழ இடைவெளி விட்டு, இடுப்பில் கயிறு சுற்றித் தங்களையும் கட்டிக்கொண்டார்கள்.

அன்று மாலை நண்டுத் தீனிக் கூடையோடு வந்த சலேத்தம்மாள் இந்தக் கயிற்றில் தடுக்கி விழப்பார்த்தார்.

"யாருய்யா தெருவுல கயித்தைக் கட்டினது? ஏ தொம்மை அண்ணே! என்ன இது, ஊர்ல கன்னுக்குட்டிக்குப் பஞ்சமா, உங்களைக் கட்டிப் போட்டிருக்காங்க?"

"ஒருங்கிணைஞ்சிருக்கோம், தாயி."

"அதுக்கு எதுக்குக் குண்டி தரையில படாம குந்தியிருக்கிய?"

"தயார்நிலை."

சலேத்தம்மாள் நால்வரையும் நிதானமாகப் பார்த்தார். "எண்ணெய் நிசமாவே வந்திச்சின்னா என் நண்டு என்ன ஆகும், தலைவரே?" என்றார். "மூச்சு விட முடியாம பெட்டிக்குள்ளயே செத்துப்போகும். நாங்க பன்னெண்டு பேரும் திரும்ப இறாலு கொட்டகைக்குத்தான் போகணும். என் கையைப் பாருங்க. நகக்கண் இப்பத்தான் ஆறியிருக்கு."

தலைவருக்கு மனம் இளகிவிட்டது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். "கவலைப்படாத, சலேத்து. ஆணையில ஒரு வரி விடாம செய்வோம்" என்று வாக்குக் கொடுத்தார். கேட்ட சலேத்தம்மாளுக்குக் கவலை இருமடங்காயிற்று.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, துறைமுகத்துக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலின் எரிபொருள் தொட்டியில் விரிசல் கண்டது. நானூறு லிட்டர் எண்ணெய் வெளியேறிய பின்புதான் அதை அடைத்தார்கள். கடலுக்கு நானூறு லிட்டர் ஒரு பொருட்டன்று. ஒரு சிறிய ஆற்று வாய்க்கு அது மிக அதிகம். காற்று வடகிழக்கிலிருந்து வீசியது. எண்ணெய்ப் படலம் ஓராம்பட்டினத்தை நோக்கி நகர்ந்தது.

ஒன்பதரைக்கு இருசக்கர வண்டியில் ஒருவர் வந்து அவசரக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு விரைந்தார். கடிதத்தில் இரண்டே வரிகள். முதல் வரியின் இறுதியில் இடம் போதாமல் ஒரு சொல் உடைந்திருந்தது. அந்த வரி, "எண்ணெய் நெருங்குகிறது. குழுவினர் உடனடியாக முகத்" என்று முடிந்து, அடுத்த வரி "துவாரத்தை அடைக்கவும்" என்று தொடங்கியது.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தொம்மைக்கும் தெரிந்திருந்தது.

"அண்ணாச்சி, எங்க தாத்தா காலத்துல ஆத்து வாயத்தான் அப்படி ஏதோ சொல்லுவாங்க..."

"அது பேச்சு வழக்கு, தொம்மை. இது அரசாங்கக் கடுதாசி" என்றார் தலைவர். "அதோட, ஆத்து வாயை அடைக்கணும்னா ஆத்து வாயின்னு எழுதத் தெரியாதா அவங்களுக்கு? முகம் ஒரு வரி. துவாரம் ஒரு வரி. முகத்துல உள்ள துவாரம். விஷப் புகை வருதுல்லா, அதுக்குத்தான்."

"துவாரத்தைன்னு ஒருமையில எழுதியிருக்கே? எந்தத் துவாரத்தை?" என்றார் அருளப்பன்.

கச்சபேசன் இதற்கும் விடை வைத்திருந்தார். "அஃறிணையில ஒருமை பன்மைக்கும் நிக்கும். 'மாடு மேயுது'ன்னா ஒரு மாடா, நூறு மாடா?"

இலக்கணப்படி அது முற்றிலும் சரி. வருத்தம் அதுதான்.

பஞ்சு வரவழைக்கப்பட்டது. காது இரண்டு, மூக்கு இரண்டு, வாய் ஒன்று, ஆக ஐந்து என்று எண்ணினார்கள். கண் துவாரமா, உறுப்பா என்பது முடிவு செய்யப்படாமல் ஒத்திவைக்கப்பட்டது. நால்வரும் ஐந்தையும் அடைத்துக்கொண்டார்கள். அரை நிமிடம் கழிந்ததும் தலைவர், நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, தம் இடது மூக்கை மட்டும் திறக்க உத்தரவிட்டார். மற்ற மூவரும் அவ்வுத்தரவைத் தங்களுக்கும் நீட்டித்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்குத் தெருவில் கட்டியிருந்த மேசைமேல் தொலைபேசி ஒலித்தது. அது ஒலித்துக்கொண்டே இருந்தது. நால்வரும் அதன் எதிரே, அரைக் குந்தலில், கடமையுணர்வோடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தேகாலுக்குச் சலேத்தம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வந்திட்டு! தலைவரே, வந்திட்டு! கறுப்பா, பாயை விரிச்சாப்பல வருது! வேப்பமரத்து மேட்டுல நின்னாத் தெரியுது!"

தலைவர் தலையசைத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 'துவாரங்கள் அடைக்கப்பட்டுள்ளன. எழுத்து மூலம் தெரிவிக்கவும்.'

சலேத்தம்மாள் தாளை வாங்கவில்லை. ஒலித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் இருந்த அதிகாரி பதற்றத்தில் இருந்தார்.

"ஓராம்பட்டினமா? முகத்துவாரத்தை அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு, சார்."

"அப்பாடா! முழுசா அடைச்சாச்சா?"

"மூக்குல ஒரு பக்கம் மட்டும் திறந்து வச்சிருக்காங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"பஞ்சு வச்சிருக்காங்க, சார். நாலு பேரும்."

"பஞ்சா? அம்மா, ஆத்து வாய் எவ்வளவு அகலம்?"

சலேத்தம்மாளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அவர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, நால்வரையும் நோக்கி நான் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். அவர்கள் காதில் அது விழவில்லை. பிறகு கையை எடுத்து, "நூத்தம்பது கெசம் இருக்கும், சார். அந்த ஆரஞ்சுக் குழாயைக் குறுக்கே போட்டா நிக்குமா?" என்றார்.

"நிக்கும். முக்கால் மணி நேரத்துக்குள்ள போடணும். எங்க ஆளுங்க வர சாயந்தரம் ஆகும்."

எழுத்து மூலம் தெரிவிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சலேத்தம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆயினும் கொட்டை எழுத்தில், 'அரணைக் கொடுங்க. ஆத்து வாயில போடணும்' என்று எழுதினார்.

தலைவர் எழுதினார்: 'ஈரம் படக் கூடாது.'

கச்சபேசன் அதன்கீழ் எழுதினார்: 'ஒருங்கிணைத்ததைப் பிரிக்க ஆணை இல்லை.'

அருளப்பன் எழுதினார்: 'கிடங்குப் பொருள் வெளியே செல்ல மூன்று கையொப்பம் வேண்டும்.'

தொம்மை எதுவும் எழுதவில்லை. சலேத்தம்மாளை மட்டும் பாவமாகப் பார்த்தார்.

சலேத்தம்மாள் ஒரு கணம் கண்ணை மூடினார். அவர் மனத்தில் அறுநூறு பெட்டிகளும், பன்னிரண்டு சோடிக் கைகளும், பனிக்கட்டியும் ஓடியிருக்க வேண்டும். பிறகு அரணின் அருகே சென்று, சீட்டைக் கிழித்துக் கொண்டுவந்து தலைவர் கண்ணெதிரே நீட்டி, அதில் ஒரு சொல்லின் கீழ் அழுத்திக் கோடு போட்டார். 'வைக்கவும்.'

அதன்கீழ் எழுதினார்: 'ஈரத்துல வைக்கத்தானே கூடாது. மிதக்க விடக் கூடாதுன்னு எங்க இருக்கு?'

நால்வரும் தலைகளை ஒன்றுசேர்த்து அந்தச் சீட்டைப் படித்தார்கள். திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தார்கள். எங்கும் இல்லை.

'பிரிக்கவும் வேண்டாம்' என்று சலேத்தம்மாள் தொடர்ந்தார். 'கட்டினபடியே எல்லாம் வரட்டும். நீங்களும்.'

மூன்று கையொப்பங்கள் மூன்று நொடியில் விழுந்தன.

சலேத்தம்மாள் தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தார். பதினொரு பெண்களும், அவர்களுடைய வீட்டு ஆண்களும், வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும், முடிவெட்டிக்கொண்டிருந்து பாதியில் எழுந்து வந்த ஒருவரும் கூடினார்கள். தெருக்கோடியில் இருந்த படகை நீரில் தள்ளினார்கள். படகுக்குரியவர் தொம்மையே ஆயினும், அவர் மறுமுனையில் கட்டுண்டிருந்தபடியால், அவருடைய மைத்துனர் துடுப்புப் போட்டார். கயிறு விறைத்தது. அரணின் முதல் துண்டு பந்தலைவிட்டு நகர்ந்தது. பத்துத் துண்டுகளும் பாம்புபோல் தெருவில் ஊர்ந்து நீரில் இறங்கின. அவற்றின்பின் குழுவினர் நால்வரும், அரைக் குந்தல் கலையாமல், சிறு சிறு தாவல்களாகச் சென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பூரியும் கத்தரிக்காயும் வாளிகளும் பாய்களும் அறிவிப்புப் பலகையும் மேசையும் வந்தன.

படகு ஆற்று வாயைக் கடந்து அக்கரை சேர்ந்தது. அரண் குறுக்கே விரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு நேர்க்கோடு. ஆனால் இக்கரையில் ஒரு சங்கடம். அரணின் கடைசித் துண்டு கரையைத் தொடவில்லை. நடுவே நான்கு கெச இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்கு நேர் உள்ளேதான் முதல் வரிசை நண்டுப் பெட்டிகள்.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. வானவில் ஓரமும் கறுத்த நடுவுமாக, எவ்வித அவசரமும் இன்றி வந்துகொண்டிருந்தது.

"இழுங்க! இன்னும் இழுங்க!" என்று சலேத்தம்மாள் கத்தினார். அக்கரையில் இருந்தவர்கள் முழு வலுவோடு இழுத்தார்கள். கயிற்றில் அடுத்ததாக இருந்தது மனித வளம். தலைவர் முதலில், பிறகு கச்சபேசன், அருளப்பன், தொம்மை என நால்வரும் ஒருவர்பின் ஒருவராக இடைவெளிக்குள் இழுக்கப்பட்டுக் கழுத்தளவு நீரில் நின்றார்கள். அவர்களைத் தொடர்ந்து வந்த பூரிச் சாக்குகளைப் பெண்கள் ஆளுக்கு இரண்டாக அவர்கள் கையில் திணித்தார்கள்.

"சாக்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நில்லுங்க! நகராதிய!" அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆயினும் அரசு உடைமையை அவர்கள் நழுவ விடுபவர்கள் அல்லர்.

பதினோரு மணிக்கு எண்ணெய் அரணைத் தொட்டது. தொட்டு, நின்றது. அரண் வழியே பக்கவாட்டில் நழுவி, இடைவெளியைத் தேடி வந்தது. அங்கே நான்கு தலைகளும் எட்டுச் சாக்குகளும் அதற்கு எதிரே இருந்தன. எண்ணெய் தலைவரின் தாடைவரை ஏறிற்று. வாயில் போகவில்லை, காதில் போகவில்லை, வலது மூக்கிலும் போகவில்லை. இடது மூக்கை அவர் வானத்தை நோக்கி வைத்திருந்தார். சணல் சாக்குகள் கறுத்துக் கனத்தன. உள்ளே மூன்று நாள் பழகிய பூரிகள் தம் பழக்கத்தை நிறுத்தவில்லை.

மாலை நான்கு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆள்களும் இயந்திரமும் வந்தபோது, ஆற்று வாய்க்கு வெளியே எண்ணெய் கெட்டியாக நின்றது. உள்ளே நீர் தெளிவாக இருந்தது. தொலைபேசியில் பேசிய அதிகாரி, நீரிலிருந்து எழுந்த நான்கு கறுத்த தலைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"முகத்துவாரத்தை அடைச்சிட்டாங்க" என்றார் சலேத்தம்மாள். "ரெண்டையும்."

சனிக்கிழமை வியாபாரி வந்தார். அறுநூறு பெட்டிகளில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது நண்டுகள் கொடுக்கை உயர்த்திக்கொண்டு தராசில் ஏறின. சலேத்தம்மாள் தலைவரின் வீட்டுக்கு ஒரு நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமைப் பேருந்தில் பன்னிரண்டு இருக்கைகள் காலியாகச் சென்றன.

வரலாறு இங்கே முடிந்திருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது.

"எண்ணெய்க் கசிவால் இழப்பு அடைந்தவர் எவர் என்று கண்டறிந்து, அவர் இழந்ததை முழுமையாக ஈடு செய்ய ஆவன செய்க."

குழு கூடியது. முதலில் சலேத்தம்மாளை அழைத்து விசாரித்தார்கள்.

"உனக்கு ஏதாச்சும் இழப்பு உண்டா, சலேத்து?"

"ஒரு நண்டு செத்துப்போச்சு."

"எண்ணெயிலயா?"

"இல்ல. தொம்மை அண்ணன் கரையேறும்போது மிதிச்சாரு."

அது எண்ணெய்க் கசிவில் சேராது என்று கச்சபேசன் குறித்துக்கொண்டார். பிறகு வீடு வீடாக விசாரித்தார்கள். எவரும் எதையும் இழந்திருக்கவில்லை. பாதி முடிவெட்டோடு வந்தவர்கூட மீதியை வெட்டிக்கொண்டுவிட்டார். குழுவினர் அலுவலகம் திரும்பி, அரைக் குந்தலில், கடிதத்தை மறுபடி மறுபடி படித்தார்கள். ஆணை வந்திருக்கிறது, இழந்தவர் இல்லை.

அருளப்பன்தான் முதலில் நிமிர்ந்தார். "அண்ணாச்சி! கப்பல்காரன்!"

"அவனுக்கென்ன?"

"அவந்தானே நானூறு லிட்டர் எண்ணெயை இழந்தது?"

தலைவரின் கண்கள் ஈரமாயின. "பாவம் வே" என்றார். "இவ்வளவு நாளா அவனை ஒரு வார்த்தை கேட்டோமா நாம?"

கப்பல் விசாரணைக்காகத் தொலைவில் நங்கூரமிட்டிருந்தது. ஆற்று வாயில் வழித்தெடுத்த எண்ணெய், லாரிக்காகக் காத்துப் பீப்பாய்களில் இருந்தது. சாக்குகளையும் பிழிந்து அருளப்பன் அளந்து பார்த்தார். முந்நூற்றுப் பதினேழரை லிட்டர். எண்பத்திரண்டரை குறைந்தது. ஆணையோ 'முழுமையாக' என்றது. குழு ஊருக்குள் இறங்கியது. நடந்ததை விளக்கினார்கள். ஓராம்பட்டினத்தார் இரக்கமுள்ளவர்கள், அடுப்படியிலிருந்து தூக்கும் புட்டியுமாக வந்தார்கள். கடைசியில் அரை லிட்டர் குறைந்தபோது சலேத்தம்மாள் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று திருமதி ரெஜினாவைக் கேட்டேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, எங்க போய் முடியுதுன்னு பாக்கணும்ல" என்று சலேத்தம்மாள் சொன்னாராம்.

தொம்மையின் படகு கப்பலை அடைந்தபோது மேல்தளத்தில் கப்பல் தலைவர் வெளிறிய முகத்தோடு நின்றார். ஊரார் இழப்பீடு கேட்டு வருகிறார்கள் என்று அவருக்குச் செய்தி போயிருந்தது. பீப்பாய்கள் ஒவ்வொன்றாக மேலேறின. பிறகு தூக்குகள், புட்டிகள். கச்சபேசன் ஒரு பற்றுச்சீட்டை நீட்டி, "சரிபார்த்துக் கையொப்பமிடுங்க" என்றார். கப்பல் தலைவர் அதை மும்முறை படித்தார். படகில் அரைக் குந்தலில் இருந்த நால்வரையும் மும்முறை பார்த்தார். பிறகு கையொப்பமிட்டார்.

அந்தச் சீட்டு இன்றும் பேரூராட்சி அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. திருமதி ரெஜினா அதைப் பிரதி எடுத்து வந்து எனக்குக் காட்டினார். கப்பல் எண்ணெய் முந்நூற்றுப் பதினேழரை லிட்டர். நல்லெண்ணெய் எண்பத்திரண்டு லிட்டர். சலேத்தம்மாள் தந்த தேங்காய் எண்ணெய் அரை லிட்டர். ஆகத் திருப்பிச் செலுத்தப்பட்டது, ஒரு சொட்டும் குறையாமல், நானூறு லிட்டர்.